வெர்ம்லாந்து: காடும் கதையும் நிறைந்த நாடு

உலகப் படத்தை விரித்து, ஐரோப்பாவின் வட பகுதியில் சற்றே நம் பார்வையைச் செலுத்துவோம். சுவீடன் நாட்டின் மேற்கே, நார்வேயின் எல்லையை ஒட்டி, வெர்ம்லாந்து என்னும் மாகாணம் அமைந்துள்ளது. திரும்பிய பக்கமெல்லாம் ஊசியிலைக் காடுகள். அவற்றின் நடுவே எண்ணற்ற ஏரிகள். நார்வேயிலிருந்து இறங்கி வரும் கிளார் ஆறு இம்மாகாணத்தின் ஊடே பாய்ந்து, சுவீடனின் மிகப் பெரிய ஏரியாகிய வேனெர்னில் கலக்கிறது.

காடுகளே இம்மக்களுக்கு வாழ்வளித்தன. 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் பின்லாந்திலிருந்து வந்து குடியேறியோர் காட்டை வெட்டி எரித்து, அந்தச் சாம்பலில் ரை என்னும் தானியத்தை விதைத்தனர். மண்ணில் இரும்புத் தாது இருந்தது. அதை உருக்கக் காட்டு மரம் கரியாயிற்று. வெட்டிய மரங்களை ஆற்றில் மிதக்கவிட்டு ஆலைகளுக்கு அனுப்பினர். கிளார் ஆற்றில் இவ்வழக்கம் 1991 வரை நீடித்தது. எனினும் 19-ஆம் நூற்றாண்டில் வறுமையின் காரணமாகப் பலர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினர்.

தலைநகர் கார்ல்ஸ்டாட் 1584-இல் கோமகன் கார்ல் என்பவரால் நிறுவப்பட்டு, அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 1905-இல் நார்வே சுவீடனிடமிருந்து பிரிய முற்பட்டபோது, எல்லையில் படைகள் திரண்டன. ஆனால் இரு நாட்டுப் பிரதிநிதிகளும் இந்நகரில் கூடிப் பேசி, ஒரு துளி இரத்தமும் சிந்தாமல் உடன்பாடு கண்டனர். அண்டை வீட்டார் பிரிந்தாலும் பகையாளிகளாக வேண்டியதில்லை என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

இம்மாகாணத்தின் புகழை உலகறியச் செய்தவர் ஒரு பெண்மணி. 1858-இல் மோர்பாக்கா என்னும் பண்ணை வீட்டில் பிறந்த செல்மா லாகர்லோவ், இளமையில் இடுப்பு நோயால் நடக்க இயலாது துன்புற்றார். ஓடி விளையாட முடியாத சிறுமிக்குப் பாட்டி சொன்ன கதைகளே துணையாயின. தந்தைக்கு விருப்பமில்லாதபோதும் சகோதரரின் உதவியோடு ஸ்டாக்ஹோமில் ஆசிரியப் பயிற்சி பெற்று, 1885 முதல் பத்தாண்டுகள் பெண்கள் பள்ளியொன்றில் பணியாற்றினார். அந்நாட்களில்தான் குடும்பம் கடனில் மூழ்கி, பிறந்த வீடு பிறர் கைக்குச் சென்றது.

வீடு போயிற்று, கதைகள் போகவில்லை. வெர்ம்லாந்தின் பழங்கதைகளைக் கொண்டு அவர் எழுதிய முதல் நாவல் 1891-இல் வெளிவந்தது. பின்னர் பள்ளிப் பிள்ளைகள் தம் நாட்டின் பூகோளத்தை அறிவதற்காக, வாத்தின் முதுகேறிப் பறக்கும் சிறுவனின் கதையை 1906, 1907-ஆம் ஆண்டுகளில் எழுதினார். 1909-இல் இலக்கியத்திற்கான நோபல் பரிசு அவரை வந்தடைந்தது. அப்பரிசைப் பெற்ற முதல் பெண்மணி அவரே!

இங்கே ஒரு விந்தையைக் காண்கிறோம். பரிசை நிறுவிய ஆல்பிரட் நோபலும் தம் இறுதி ஆண்டுகளில் இதே மாகாணத்தின் கார்ல்ஸ்கூகாவில் ஒரு மாளிகை வைத்திருந்தார். 1907-இல் பிறந்த வீட்டை மீட்ட செல்மா, பரிசுப் பணத்தைக் கொண்டு 1910-இல் நிலங்களையும் வாங்கினார். 1940-இல் அவ்வீட்டிலேயே கண்மூடினார். இன்று அது பொதுமக்கள் காணும் நினைவு இல்லமாகத் திகழ்கிறது.

இழந்த வீட்டை அவர் மீட்டது எழுதுகோலால் என்பதை நாம் மறவாதிருப்போம். நம் வீட்டிலும் கதை சொல்லும் பாட்டி இருந்தால், இன்று மாலையே அருகில் அமர்ந்து கேட்போம். கேட்டதை ஏட்டில் எழுதி வைப்போம்.