கரிசல் வட்டார வழக்கும் எந்திரவழிக் கற்றலும்: ‘பாசி’ என்னும் சொல்லை முன்வைத்து

திறவுச்சொற்கள்: கரிசல், வட்டார வழக்கு, நிகண்டு, சொல்வலை, செயற்கை நுண்ணறிவு

கோவில்பட்டி வட்டார மானாவாரி நிலங்களில் புரட்டாசிப் பட்டத்தில் உளுந்தும் பாசியும் விதைக்கப்படுகின்றன. இங்குப் பாசி என்பது பாசிப்பயறு. அதே சொல் கம்மாய் நீரில் படர்வதையும் கழுத்தில் அணியும் மணியையும் குறிக்கும். “பாசி மஞ்சளாப் போகுது, என்ன மருந்து அடிக்க?” என்று சம்சாரி ஒருவர் கைபேசியிடம் வினவுவதாகக் கொள்வோம். அவர் கேட்பது வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் தேமல் நோயைப் பற்றி. நீர்ப்பாசி குறித்த பனுவல்களையே மிகுதியாகக் கற்ற எந்திரமோ பாசியை ஒழிக்கும் வழியைச் சொல்லிவிடக்கூடும்.

மொழி மாதிரிகள் ஒரு சொல்லின் பொருளை அதன் அண்டைச் சொற்களைக் கொண்டே உணர்கின்றன. கரிசல் வழக்கு எழுத்தில் அருகியே பதிவாகியுள்ளமையால் பொதுவழக்குப் பொருளே மேலோங்குகிறது. கி.ராஜநாராயணனின் வட்டார வழக்குச் சொல்லகராதி 1982இல் வெளிவந்தது. அதைப் புரட்டும் வாசகர் நிலத்தையும் பருவத்தையும் தம் அறிவிலிருந்து இட்டு நிரப்பிக்கொள்கிறார். எந்திரத்திற்கு அவ்வறிவு இல்லை. சொல்லோடு சேர்த்தே அவற்றை எழுதித் தரவேண்டியுள்ளது.

இதற்கான முன்மாதிரி தமிழில் பழையது. திவாகர நிகண்டின் பன்னிரு தொகுதிகளில் முதற்பத்தும் தெய்வம், மக்கள், விலங்கு, மரம் எனப் பொருள்வகையால் அமைந்தவை. பதினோராவது ஒருசொற் பல்பொருட் பெயர்த்தொகுதி. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் மில்லர் 1985இல் தொடங்கிய சொல்வலையும் பொருளடிப்படையில்தான் சொற்களைத் தொகுக்கிறது. கூடுதலாக, அவற்றினிடையே உறவுகளையும் குறிக்கிறது. நிகண்டில் இல்லாத இவ்வுறவுக் குறிப்பே இங்கு வேண்டப்படுவது.

அவ்வாறு அமைத்தால் பாசி மூன்று தனிப்பதிவுகளாகப் பிரியும். முதற்பதிவு பயறு வகையின்கீழ் நின்று, பொதுவழக்கில் பச்சைப்பயறு, மண் கரிசல், பருவம் புரட்டாசிப் பட்டம், நோய் மஞ்சள் தேமல், பரப்புவது வெள்ளை ஈ என இணைப்புகளைப் பெறும். ‘பட்டம்’ என்பதும் தனியே பிரிக்கப்பட வேண்டியதே. பல்கலைக்கழகத்தில் அது வழங்கப்படுவது, கரிசலில் விதைக்கப்படும் காலம்.

தரவைத் தூய்மை செய்வதாகக் கருதி ‘பாசி’யைப் ‘பச்சைப்பயறு’ எனத் திருத்துவது இதற்கு நேர்மாறான வேலை. எந்திரம் நல்ல தமிழில் விடை சொல்லும். சம்சாரியின் கேள்வி மட்டும் அதற்கு விளங்காது. கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1901இல் தொடங்கப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட அதன் மானாவாரி ஆய்வறிவும் வட்டார அகராதியும் இன்று தனித்தனியே கிடக்கின்றன. இரண்டையும் இணைக்கத்தக்க சொல் அவர் வாயிலிருந்து வரும் ‘பாசி’தான்.