பூவுக்கும் உண்டு பிளானும் எலிவேஷனும்!

மொபைல் இல்லாத கை இன்று நம் பாலிடெக்னிக்கில் கிடையாது. பூவைக் கண்டால் படம் எடுக்காத ஆளும் கிடையாது. ஆனால் எடுத்த பத்துப் படத்தில் எட்டு ஒரே மாதிரிதான் இருக்கும். பூ நட்டநடுவில், மேலிருந்து ஒரு 'கிளிக்'. போன ஐப்பசி வரை நானும் அந்தக் கட்சிதான்.

எங்கள் அம்மிச்சி ஊர் மூலனூர்ப் பக்கம். திருப்பூர் மாவட்டத்தில் மூலனூர், தாராபுரம் வட்டாரம் கண்வலிக்கிழங்கு விவசாயத்துக்குப் பேர் போனது. அந்தக் கொடியில் பூப்பதுதான் நம் மாநில மலரான செங்காந்தள். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களில் முதலில் வருவது இதுதான். இதன் விதையிலிருந்து எடுக்கும் கோல்ச்சிசின், 'கவுட்' என்ற மூட்டு நோய்க்கு மருந்தாகிறது.

லீவுக்குப் போனவன், போட்டோ போட்டிக்கு அனுப்பலாம் என்று தோட்டத்தில் ஒரு பூவை நெருங்கி எடுத்தேன். ஃபிரேம் முழுக்கச் சிவப்பு, நெருப்பு மாதிரி! பெருமையாக அம்மிச்சியிடம் காட்டினேன்.

"செவப்பாத்தான் இருக்குது சாமி. ஆனா நாங்க தொடற எடத்தக் காணமே!" என்றார்.

அப்போதுதான் பூவை ஒழுங்காகப் பார்த்தேன். ஆறு இதழும் மேல்நோக்கி மடங்கி நிற்கின்றன. கீழே ஆறு மகரந்தத் தாள்கள் சக்கரத்தின் ஆரக்கால் போல விரிந்திருக்கின்றன. சூல்தண்டோ ஏறக்குறைய 90 டிகிரி வளைந்து, ஒதுங்கிப் பக்கவாட்டில் நீள்கிறது. மகரந்தம் தானாக அதன் நுனிக்குப் போய்ச் சேர்வது சிரமம். அதனால் காலையில் பூப்பூவாகப் போய்க் கையால் தொட்டு வைக்கிறார்கள். தொடாமல் விட்டால் காய் பிடிப்பது குறையும், விதையும் குறையும். விதைதானே காசு! அந்தச் சூல்தண்டைத்தான் என் ஃபிரேம் வெட்டியிருந்தது. ஒரு போகத்து உழைப்பே படத்தில் இல்லை.

மறுநாள் மீண்டும் எடுத்தேன். அதில் கற்றுக்கொண்டவை இதோ:

1. எந்தப் பக்கம்? டிராயிங் கிளாஸில் முதலில் என்ன கேட்பார்கள்? எந்த வியூ என்றுதானே! மேலிருந்து எடுப்பது பிளான், பக்கவாட்டில் எடுப்பது எலிவேஷன். செம்பருத்தியின் நீண்ட தண்டும் செங்காந்தளின் வளைவும் எலிவேஷனில்தான் தெரியும். சூரியகாந்தியின் விதைச் சுழலுக்கோ நேர்முகம் வேண்டும். செங்காந்தளுக்கு நான் மண்ணில் முட்டி போட்டேன்!

2. எங்கே வைப்பது? கேமரா செட்டிங்கில் 'கிரிட்' போட்டால் திரை 9 கட்டமாகும். கோடுகள் வெட்டும் 4 புள்ளிகளில் ஒன்றில் முக்கியமான பாகத்தை வையுங்கள். பூ எந்தப் பக்கம் நீள்கிறதோ அந்தப் பக்கம் இடம் விடுங்கள். டிராயிங் ஷீட்டில் மார்ஜின் விடுவது போலத்தான்.

3. பின்னால் என்ன? பந்தல் கம்பி, துணிக்கொடி, யாரோ ஒருவரின் கால் எல்லாம் பூவோடு சேர்ந்து விழும். நீங்கள் அரையடி நகர்ந்தாலே அவை மறையும். பின்னணி எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு மங்கும், பூ தனித்துத் தெரியும்.

4. வெளிச்சம்: உச்சி வெயிலில் சிவப்புப் பூவின் மடிப்பெல்லாம் மறைந்து ஒரே திட்டாகிவிடும். காலைச் சாய்வெயில் நல்லது, காற்றும் குறைவு. திரையில் பூவைத் தொட்டு போகஸ் செய்து, வெளிச்சத்தைச் சற்றே குறையுங்கள். மிகக் கிட்டே போனால் போகஸ் விழாது. ஒரு சாண் பின்னால் வந்து ஜூம் செய்யலாம்.

ஒரு எச்சரிக்கை: செங்காந்தள் முழுச் செடியும் விஷம். தொட்டால் கையைக் கழுவாமல் வாயில் வைக்காதீர்கள்.

இரண்டாவது படத்தில் இதழ் பாதிதான் இருந்தது. நடுவே வளைந்த சூல்தண்டு, அதன் நுனியில் அம்மிச்சியின் விரல். போட்டியில் பரிசு ஒன்றும் வரவில்லை. ஆனால் அம்மிச்சி, "இதுதான் சாமி எங்க பூவு!" என்று பிரிண்ட் கேட்டு வாங்கி, காலண்டர் பக்கத்தில் ஒட்டிவிட்டார்.

ஆகவே நண்பர்களே, அடுத்த பூவுக்கு மொபைலை நீட்டுமுன் அதை வளர்த்தவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எதை ஃபிரேமுக்குள் வைப்பது என்று அவரே சொல்லிவிடுவார்!