நட்பும் நற்செய்தியும்

சமயத்தைப் பற்றி நண்பரிடம் பேசலாகாது என்பது பண்புடையோர் பலர் கைக்கொண்டுள்ள ஒழுக்கம். அரசியலைப் பேசலாம், நெல்லின் விலையைப் பேசலாம், பிள்ளைகளின் படிப்பையும் மணத்தையும் பற்றி நாழிகைக் கணக்காய்ப் பேசலாம். ஆயின், ஒருவன் எதனை நம்பி வாழ்கின்றான், எதனை நம்பிக் கண்மூட நினைக்கின்றான் என்ற பேச்சு மட்டும் வாயிற்படிக்கு வெளியே நிறுத்தப்படும். கோயில் மணியும் தேவாலய மணியும் ஒரே காற்றிலே கலந்து வரும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இவ்வொழுக்கம் காரணமின்றித் தோன்றியதன்று. அக்காரணத்தை ஆராயாது, கிறிஸ்தவன் ஒருவன் தன் சமயத்தைச் சாராத நண்பனுக்குத் தன் நம்பிக்கையை எடுத்துரைக்கலாமா என்ற வினாவிற்கு விடை கூறுதல் அரிது.

கிறிஸ்தவனுடைய நிலை முதலில் விளங்குதல் வேண்டும். எடுத்துரைத்தல் அவனுக்கு விருப்பத்தைப் பொறுத்ததொரு செயலன்று, கட்டளை. எல்லா இனத்தாரையும் சீடராக்குமாறு இயேசு தம் மாணாக்கரைப் பணித்த செய்தியோடுதான் மத்தேயுவின் நூல் முடிகின்றது. எனினும், அக்கட்டளை முதன்முதல் எவ்வாறு நிறைவேறிற்று என்பதை யோவான் எழுதிய நூலின் முதல் அதிகாரத்திலே காணலாம். அந்திரேயா தன் உடன்பிறந்தானாகிய சீமோனைத் தேடிப் போனான். பிலிப்பு தனக்கு அறிமுகமான நாத்தான்வேலிடம் போனான். நாசரேத்து என்னும் சிற்றூரிலிருந்து நல்லதொன்று வருமோ என்று நாத்தான்வேல் எள்ளினான். பிலிப்பு அவனோடு வாதிடவுமில்லை, கோபிக்கவுமில்லை. நேரில் வந்து பார்க்குமாறு அழைத்தான், அவ்வளவே. பேதுருவின் முதலாம் நிருபமோ, உள்ளத்திலுள்ள நம்பிக்கைக்குக் காரணம் கேட்பவர்களுக்குச் சாந்தத்தோடும் அச்சத்தோடும் விடை பகர ஆயத்தமாயிருக்கும்படி கூறுகின்றது. கேட்பவர்களுக்கு என்ற அச்சொல்லைப் பிரசாரகர் பலர் விரைந்து கடந்துவிடுவது வழக்கம்.

இனி, மற்றவர் ஏன் அஞ்சுகின்றனர் என்பதைப் பார்ப்போம். ஒல்லாந்தர் ஆட்சியிலே இந்நாட்டுக் கரையோரங்களில் ஞானஸ்நானம் பெறாதவன் அரசாங்க உத்தியோகம் பெறுதல் இயலாது. மணங்களும் பிறப்புகளும் திருச்சபையின் பாடசாலைகளிலேயே பதியப்பட்டன. ஆகவே மக்கள் திரள் திரளாகப் பெயரளவில் கிறிஸ்தவராயினர். 1796ஆம் ஆண்டிலே கொழும்பு ஆங்கிலேயர் வசமாகி, பின் அக்கட்டாயமும் நீங்கியபோது, அவருட் பெரும்பாலார் சிறிதும் தயக்கமின்றித் தத்தம் முன்னோர் சமயத்துக்கே திரும்பினர். அதன்பின் வந்த மிசனரிமார் சட்டத்தின் கட்டாயத்தை நாடவில்லை. எனினும் ஆங்கிலக் கல்வி அவர் கையிலேயே இருந்தது. ஆங்கிலம் உத்தியோகத்துக்கு வழி. பாடசாலை ஆங்கிலத்துக்கு வழி. நீறணிந்த நெற்றியோடு பாடசாலைக்குட் சென்ற பிள்ளை எந்த நெற்றியோடு வெளியே வருமோ என்று பெற்றார் கவலையுற்றதில் வியப்பில்லை. நன்மை செய்பவனுடைய கையிலே ஒரு வேத புத்தகமும் இருந்தால், அந்நன்மையின் விலை யாதோ என்ற ஐயம் பிறத்தல் இயல்பு. ஈழத்துத் தமிழரிடையே அவ்வையம் தலைமுறை தலைமுறையாய் இறங்கி வந்துள்ளது.

இத்தகைய சூழலிலேதான் ஒரு வியத்தகு நட்பும் தோன்றிற்று. வெஸ்லியன் மிசனைச் சார்ந்த பேர்சிவல் பாதிரியார், பின்னாளில் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி எனப் பெயர்பெற்ற ஆங்கிலப் பாடசாலையை நடத்தி வந்தார். தமிழில் ஆழ்ந்த பற்றுடையவர்; தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி 1842ஆம் ஆண்டிலே அச்சேற்றியவர். அப்பாடசாலையிற் கற்ற நல்லூர் ஆறுமுகம்பிள்ளை, ஏறத்தாழ இருபது வயதிலே அங்கேயே ஆசிரியராயினார். பாதிரியாருக்குத் தமிழ்ப் பண்டிதருமாயினார். கிறிஸ்தவ வேதத்தைப் பிழையற்ற தமிழில் மொழிபெயர்க்கும் பெரும்பணியை இருவருமாக ஏற்றனர். ஒருவர் கிறிஸ்துவை அறிவிப்பதற்கென்றே கடல் கடந்து வந்தவர். மற்றவர் சிவபூசையும் நீறும் விடாத சைவர். ஆண்டுக்கணக்காய் இருவரும் ஒரே மேசையில் அமர்ந்து ஆதியாகமத்தின் முதலெழுத்திலிருந்து வசனம் வசனமாய் ஆராய்ந்தனர். ஒரு கிறிஸ்தவன் தன் நண்பனுக்குத் தன் நம்பிக்கையை இதனினும் நிறைவாக எடுத்துரைத்தல் கூடுமோ? பேர்சிவல் மறைத்து வைத்தது யாதுமில்லை. பண்டிதர் செவிகொடாது விட்டதும் யாதுமில்லை.

மொழிபெயர்ப்போடு இருவரும் சென்னைக்குச் சென்றனர். யாழ்ப்பாணத்தாரின் தமிழைப் பற்றி அங்கே ஐயம் எழுந்ததென்றும், மழவை மகாலிங்கையர் அதனைப் பார்வையிட்டு நடையைப் பாராட்டிய பின்னரே அது தீர்ந்ததென்றும் நாவலர் சரித்திரம் எழுதியோர் கூறுவர். 1850ஆம் ஆண்டிலே அப்பதிப்பு வெளிவந்தது. ஆயின், அதற்கு முன்னரே ஆறுமுகம்பிள்ளை தம் பாதையைத் தேர்ந்துவிட்டார். 1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாளாகிய வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே சைவப் பிரசங்கம் செய்யத் தொடங்கினார். மறு ஆண்டிலே பாதிரியாரின் பாடசாலையினின்று விலகிச் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். நாவலர் என்ற பட்டம் 1849ஆம் ஆண்டிலே திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு வழங்கியது.

கதை இங்கே முடியவில்லை. 1854ஆம் ஆண்டிலே நாவலர் சைவதூஷணபரிகாரம் என்னும் நூலை வெளியிட்டார். சைவ வழிபாட்டைப் பழித்த மிசனரிமாருக்கு விடையாக எழுந்தது அது. தீபம், தூபம், நீராட்டு, நைவேத்தியம் முதலியன மூடச் செயல்களென்று கூறுவோர், தம் சொந்த வேதத்திலே எருசலேம் ஆலய வழிபாட்டைப் பற்றி எழுதப்பட்டிருப்பவற்றை வாசித்துப் பார்க்கட்டும் என்பது அந்நூலின் வாதங்களுள் வலிமை மிக்கது. பேர்சிவலின் மேசையிற் பயின்ற நூலறிவு மிசனுக்கு எதிரே நின்ற கேடயமாயிற்று. அதுமட்டுமன்று, வாரந்தோறும் பிரசங்கம், அச்சுக்கூடம், படிமுறையான பாலபாடம், வினாவிடை ஆகிய கருவிகள் பலவும் நாவலர் மிசனரிமாரிடம் கண்டு சைவத்துக்குக் கொண்டுவந்தவையே.

வெற்றி தோல்விக் கணக்கிலே பார்ப்பவர் பேர்சிவலைத் தோற்றவர் என்பர். அக்கணக்கே பிழையானது. தம் பண்டிதர் மதம் மாறாமையால் அவரை விலக்கி, ஒரு கிறிஸ்தவரை அவ்விடத்தில் அமர்த்துதல் பேர்சிவலுக்கு இயலாத செயலன்று. அவர் அதனைச் செய்யவில்லை. நீற்றை அழித்துவிட்டு வந்தாலன்றி வேதத்தைத் தொடலாகாது என்றும் அவர் விதிக்கவில்லை. நண்பனுடைய மறுப்பைத் தாங்கும் வலிமை அந்நட்பிற்கு இருந்தது. காலப்போக்கிலே சபை மாறியவர் பேர்சிவலே என்பது வேடிக்கையானதொரு குறிப்பு. வெஸ்லியன் சபையை நீங்கி இங்கிலாந்துத் திருச்சபையைச் சார்ந்த அவர், சென்னை மாநிலக் கல்லூரியிலே பேராசிரியராகி, 1855ஆம் ஆண்டு முதல் தினவர்த்தமானி என்ற இதழையும் நடத்தினார்.

நாவலரைப் போன்ற ஒருவரை அவிசுவாசி என்று அழைத்தல் பொருந்துமா? கிறிஸ்தவரிடையே பெருவழக்காயுள்ள இச்சொல், நம்பிக்கையற்றவன் என்று பொருள்படுவது. பொழுது புலருமுன் நீராடித் திருமுறை ஓதும் ஒருவனிடம் நம்பிக்கை இல்லையென்பது உண்மைக்கு மாறானது. இது குறித்து யாழ்ப்பாணத்திற் பிறந்த மெதடிஸ்த போதகர் டி. ரி. நைல்ஸ் கூறியதொரு நிகழ்ச்சி உலகெங்கும் பரவியுள்ளது. 1935ஆம் ஆண்டிலே அவர், பெரும் இறையியலாளராகிய கார்ல் பார்த்தைச் சந்தித்தார். மற்றச் சமயங்கள் யாவும் அவிசுவாசமே என்றார் பார்த். தாங்கள் எத்தனை இந்துக்களைச் சந்தித்திருக்கின்றீர்கள் என்று நைல்ஸ் வினவினார். ஒருவரையும் இல்லை என்பது விடை. அங்ஙனமாயின் அது அவிசுவாசம் என்பதை எவ்வாறறிந்தீர்கள் என்று கேட்டபோது, அனுபவத்துக்கு முன்னரே துணியப்பட்ட உண்மை அது என்றார் பார்த். இளைஞராகிய நைல்ஸ் தலையை அசைத்துப் புன்னகை புரிந்தார். அயல்வீட்டிலே இந்துக்களோடு வளர்ந்தவருக்கு வேறு விடை தேவைப்படவில்லை போலும்.

அந்த நைல்ஸ் நற்செய்தி அறிவித்தலைக் கைவிட்டவரல்லர். வாழ்நாளெல்லாம் அதனையே தொழிலாகக் கொண்டவர். உலகத் திருச்சபைகளின் மன்றம் 1948ஆம் ஆண்டிலே ஆம்ஸ்டர்டாம் நகரிற் கூடியபோது அங்கே உரையாற்றியவர். கிறிஸ்தவன் தன் நம்பிக்கையை எடுத்துரைத்தல், ஓர் இரவலன் மற்றோர் இரவலனுக்கு உணவு கிடைக்குமிடத்தைச் சொல்லுதல் போன்றது என்பது அவர் கையாண்ட உவமை. ஆற்றுப்படை நூல்களை அறிந்த தமிழருக்கு இவ்வுவமை அந்நியமாகாது. பரிசில் பெற்ற பாணன் வழியிலே எதிர்ப்பட்ட பாணனுக்குப் புரவலனுடைய ஊரையும் வழியையும் சொல்வான். சொல்பவன் புரவலனல்லன், கொடுப்பவனும் அல்லன். கேட்டவன் அவ்வழியே போவதும் போகாததும் அவன் விருப்பம்.

மெய்யாகவே நம்பிக்கையற்ற நண்பன் ஒருவனிடம் இவ்வாறு வழிசொல்லியதற்கு ஒக்ஸ்போர்ட் நகரிலே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. சி. எஸ். லூயிஸ் இளமையிலேயே நாத்திகரானவர். கடவுள் உண்டென்ற அளவுக்கு மட்டும் மெல்ல வந்திருந்தார். கத்தோலிக்கராகிய ரோல்கீனும் அவரும் 1926ஆம் ஆண்டு முதல் அறிமுகமானவர்கள். வடபுலத்துப் பழங்கதைகளில் இருவருக்கும் இருந்த காதலே அவர்களை இணைத்தது. 1931ஆம் ஆண்டு செப்டெம்பர் 19ஆம் நாளிரவு, ஹியூகோ டைசன் என்ற மற்றொரு நண்பரும் உடனிருக்க, மொட்லின் கல்லூரியின் ஆற்றோர நடைபாதையிலே நள்ளிரவு கடந்தும் பேசினர். பழங்கதைகள் அழகிய பொய்கள் என்றார் லூயிஸ். அல்ல, அவை உண்மையின் சிதறல்கள். கிறிஸ்துவின் கதையோ மெய்யாக நடந்த பழங்கதை என்றார் ரோல்கீன். லூயிஸுக்கு எது இனித்ததோ அதனிலிருந்தே பேச்சுத் தொடங்கிற்று. சில நாட்களுக்குள் லூயிஸ் கிறிஸ்தவரானார். ஆனால் ரோல்கீன் விரும்பியவாறு கத்தோலிக்கராகவில்லை. இங்கிலாந்துத் திருச்சபையிலேயே அமைந்தார். ரோல்கீனுக்கு அது மனக்குறையே. ஆயினும், தம் பெருங்கதையை அவர் எழுதிய நீண்ட ஆண்டுகளில் அதனைக் கேட்டு ஊக்கமூட்டியவர் லூயிஸே.

சட்டம் இதிற் கூறுவது சிறிதளவே. 1948ஆம் ஆண்டின் மனித உரிமைப் பிரகடனம் சமயத்தை மாற்றிக்கொள்ளும் உரிமையை ஏற்றது. இலங்கையின் 1978ஆம் ஆண்டு யாப்பின் 10ஆம் உறுப்புரை, விரும்பிய சமயத்தைக் கொண்டிருக்கவும் மேற்கொள்ளவும் எவருக்கும் உள்ள உரிமையைக் காக்கின்றது. சமயத்தைப் பரப்பும் உரிமை யாப்பில் உறுதிப்படுத்தப்படவில்லை என்று உயர் நீதிமன்றம் 2003ஆம் ஆண்டிலே கருத்துரைத்தது. வற்புறுத்தலையும் ஆசை காட்டலையும் தடுக்கக் கருதிய மசோதா ஒன்று 2004ஆம் ஆண்டிலே கொண்டுவரப்பட்டபோது, அதன் சில பிரிவுகள் யாப்புக்கு முரணானவை என அதே நீதிமன்றம் கண்டது. திருச்சபைகளும் வாளாவிருக்கவில்லை. 1965ஆம் ஆண்டிலே வத்திக்கான் சங்கமும், 2011ஆம் ஆண்டிலே கத்தோலிக்கரும் ஏனைய சபையினரும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையும், வறுமையையும் இடுக்கணையும் பயன்படுத்தி மதம் மாற்றுதலைக் கண்டித்துள்ளன. ஆனால் இரு நண்பரிடையே திண்ணையில் நிகழும் பேச்சை எந்த நீதிமன்றமும் அளந்து பார்த்தல் இயலாது. அங்கே அளவுகோல் நட்பேயாம்.

அவ்வளவுகோல் கொண்டு நோக்கின், பேசுதல் தகும். தனக்கு உயிராயுள்ள ஒன்றை நண்பனுக்கு மறைத்து வைப்பவன் பாதி நண்பனே. ஆனால் பேசுபவன் தான் எதனைக் கேட்கின்றான் என்பதை அறிந்திருத்தல் வேண்டும். சைவக் குடும்பத்தின் மூத்த மகன் ஞானஸ்நானம் பெற்றால், தந்தைக்குக் கொள்ளி வைப்பவர் யார், ஆண்டுதோறும் திவசம் செய்பவர் யார், தங்கைக்கு மணம் பேசுவது எவ்வாறு என்பன உடன் எழும் வினாக்கள். தேவாலயத்திலே ஒரு மகிழ்ச்சியாகக் கொண்டாடப்படுவது, இரண்டு வீடு தள்ளி ஒரு தாயின் கண்ணீராகலாம். மறுபுறமும் அவ்வாறே. கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்து வட்டுக்கோட்டைச் செமினரியிலே கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளை சைவரானபோது, அவ்வீட்டாரும் அத்தகைய வேதனையை உணர்ந்திருப்பரன்றோ? அவ்விலையைப் பற்றி வாய் திறவாது, விண்ணுலகைப் பற்றி மட்டும் பேசுபவனுடைய பேச்சிலே நேர்மை குறைவு.

நோயுற்றுக் கிடப்பவனிடமும், கடன்பட்டுத் தன்னை நாடி வந்தவனிடமும், தன் கீழ் வேலை செய்பவனிடமும் இப்பேச்சைத் தானாக எடுத்தல் தகாது. அவர்கள் மறுத்தற்கு முழு உரிமையுடையரல்லர். நோயாளி தனக்காகச் செபிக்குமாறு கேட்டாற் செபிக்கலாம். எழுந்து நடமாடத் தொடங்கிய பின் அந்தச் செபத்தை அவனுக்கு நினைவூட்டி வேதாகமத்தை நீட்டலாகாது. அவன் தானாக வந்து கேட்பானாயின் அது வேறு. பேச்சு ஒருவழிப் பாதையாகவும் அமைதல் கூடாது. நண்பன் சிவராத்திரி விரதத்தின் பொருளைச் சொல்லத் தொடங்கினால், இடைமறியாது முடியும்வரை கேட்டல் வேண்டும். கிறிஸ்துவை அறிவிக்க 1839ஆம் ஆண்டிலே தமிழ்நாட்டுக்கு வந்த ஜி. யு. போப், அறுபதாண்டுகளுக்குப் பின் 1900ஆம் ஆண்டிலே, எண்பது வயதில், திருவாசகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டார். அப்பொழுதும் அவர் கிறிஸ்தவ குருவானவராகவே இருந்தார்.