கிளப் ஹவுஸ், சமுதாயக் கூடம்... பிரம்மாண்டமா கட்டியும் ஏன் வசதியா இல்லை? அளவுக் கணக்கு இதுதான்!

சென்னை அடுக்குமாடிக் குடியிருப்பு விளம்பரங்களில் தவறாமல் வரும் சொல் ‘கிளப் ஹவுஸ்’. விருதுநகர் மாவட்டம் திருச்சுழி அருகே உள்ள பரளச்சி போன்ற ஊர்களில் அந்த வேலையைச் செய்வது சமுதாயக் கூடம். காதுகுத்து, வளைகாப்பு, கூட்டம் எல்லாம் அங்கேதான்.

இரண்டிலுமே மக்கள் பணம் இருக்கிறது. கிளப் ஹவுஸுக்கு வீடு வாங்குபவர் பணம் கட்டுகிறார். ஊர்க் கூடத்துக்கு வரிப்பணம் போகிறது, பல இடங்களில் ஊர் வசூலும் சேர்கிறது. ஆனால் லட்சங்களைச் செலவழித்த பிறகும், ‘ஏதோ ஒண்ணு சரியில்லையே’ என்று தோன்றும் கூடங்கள் நிறைய. காரணம் பெரும்பாலும் பெயின்ட்டோ டைல்ஸோ இல்லை, அளவுதான்.

அளவு வேறு, விகிதம் வேறு

மனித உடம்போடு ஒப்பிட்டால் ஒரு பொருள் எவ்வளவு பெரியது என்பது அளவு. ஒரு பொருளுக்கும் அடுத்த பொருளுக்கும், பொருளுக்கும் அறைக்கும் உள்ள பொருத்தம் விகிதம்.

மதுரை திருமலை நாயக்கர் மகாலை எடுத்துக்கொள்ளுங்கள். 1636-ல் கட்டப்பட்ட அந்த அரண்மனையின் பருத்த தூண்கள் அழகாகத் தெரிவதற்குக் காரணம், நடுவில் இருக்கும் பெரிய திறந்த முற்றம். அதே பாணித் தூணை 40 அடி அகலக் கூடத்தில் வைத்தால் என்ன ஆகும்? இடத்தை அடைக்கும், மேடையை மறைக்கும்.

6 அடி மனிதன் எங்கே, நாம் எங்கே?

சண்டிகர் நகரை வடிவமைத்த கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே, ‘மாடுலர்’ என்ற அளவு முறையை உருவாக்கினார். அதன் அடிப்படை 183 செ.மீ., அதாவது 6 அடி உயர ஆண். ஆனால் இந்திய ஆணின் சராசரி உயரம் சுமார் 165 செ.மீ., பெண்ணின் சராசரி சுமார் 152 செ.மீ. தான்.

நம்ம ஊர் ஸ்தபதிகளும் உடம்பை வைத்துத்தான் அளந்தார்கள். 24 அங்குலம், அதாவது 24 விரல் அளவு சேர்ந்தால் ஒரு முழம்.

இதில் என்ன சிக்கல்? வெளிநாட்டு கேட்டலாக் பார்த்து வாங்கும் ஆழமான சோபாவில் நம் பாட்டி சாய்ந்து உட்கார்ந்தால் கால் தரையில் படாது. ரொம்பத் தாழ்வாக இருந்தாலோ, எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டும். பெரியவர்கள் அதிகம் வரும் இடத்துக்கு 16 முதல் 17 அங்குல உயரம், கைப்பிடி உள்ள நாற்காலி போதும்.

கூரை உயர்ந்தால் மட்டும் குளிர்ச்சியா?

வெயில் கொளுத்தும் அருப்புக்கோட்டை, திருச்சுழி பகுதியில் உயரமான கூரை நல்லதுதான். சூடான காற்று மேலே போய்விடும். ஆனால் அது வெளியேற மேல்பகுதியில் ஜன்னலோ வென்டிலேட்டரோ வேண்டும்.

அடுத்தது மின்விசிறி. 16 அடி உயரக் கூரையில் ஒரு அடிக் கம்பியில் தொங்கும் மின்விசிறி சுற்றுவது கண்ணுக்குத் தெரியும், காற்று கீழே வந்து சேராது. இறக்கை தரையிலிருந்து 8 முதல் 9 அடி உயரத்தில் இருக்கும்படி நீளமான கம்பி போட வேண்டும். 8 அடிக்குக் கீழே இறக்கக் கூடாது. ஏசி போடுவதாக இருந்தால் கணக்கே மாறும். உயரம் கூடக் கூட குளிரூட்ட வேண்டிய காற்றும் கூடும், கரண்ட் பில்லும் ஏறும்.

பந்தியில் எத்தனை பேர்?

40-க்கு 60 அடி கூடம் என்றால் 2,400 சதுர அடி. உணவருந்தும் இடத்துக்கு ஒருவருக்கு 1.5 சதுர மீட்டர், அதாவது சுமார் 16 சதுர அடி என்று தோராயமாகக் கணக்கிடலாம். அப்படியென்றால் ஒரு பந்திக்கு 150 பேர். ‘300 பேர் உட்காரலாம்’ என்று யாராவது சொன்னால், பரிமாறுபவர் சாம்பார் வாளியோடு எங்கே நடப்பார் என்று கேளுங்கள்.

கையெழுத்துப் போடும் முன் பார்க்க வேண்டியவை

• நடைபாதை: குறைந்தது 3 அடி. சக்கர நாற்காலி போக வேண்டும்.

• சோபா: சுவர் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு இருந்தால் பொருத்தமாகத் தெரியும்.

• சரவிளக்கு: அறையின் நீளத்தையும் அகலத்தையும் அடியில் கூட்டுங்கள். அந்த எண்ணையே அங்குலமாக எடுத்துக்கொண்டால் விளக்கின் அகலம். 20-க்கு 30 அடி அறைக்கு 50 அங்குலம். இது வடிவமைப்பாளர்கள் கையாளும் தோராயக் கணக்கு.

• மேடை: உயரம் கூடினால் முன்வரிசையில் இருப்பவருக்குக் கழுத்து வலிக்கும். சிறிய கூடத்துக்கு 2 அடி போதும்.

காசில்லாமல் ஒரு சோதனை

படத்தில் எல்லா அறையும் அழகாகத்தான் இருக்கும். அதனால் வரைபடத்தில் உள்ள சோபா, மேஜை, மேடை அளவுகளை காலி இடத்தில் சுண்ணாம்புக் கோடாகப் போடுங்கள். நாலு நாற்காலியைப் போட்டு, வீட்டுப் பெரியவரையும் ஒரு குழந்தையையும் நடக்கச் சொல்லுங்கள். இடிக்கிறதா, தடுக்குகிறதா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கோட்டை அழித்து மாற்றிப் போட செலவே இல்லை. கான்கிரீட் போட்ட பிறகு அப்படி முடியாது.