உயர்ந்த காரும் தாழ்ந்த காரும்
செடானைக் கைவிட்ட உலகம் பெற்றதும் இழந்ததும்

மக்களின் உடையிலும் உணவிலும் காலந்தோறும் மாறுதல் நிகழ்வது போலவே, அவர்கள் ஏறிச் செல்லும் ஊர்தியிலும் மாறுதல் நிகழ்கின்றது. கார் என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண் முன் தோன்றும் உருவம் ஒன்று உண்டு. முன்னே இயந்திரத்திற்கு ஓர் அறை, நடுவே மனிதர் அமர்வதற்கு ஓர் அறை, பின்னே பெட்டி படுக்கைகளுக்கு ஓர் அறை. இவ்வாறு மூன்று அறைகளைக் கொண்டு, தரையை ஒட்டித் தாழ்ந்து செல்லும் அவ்வண்டியைச் செடான் என்பர். பள்ளிச் சிறுவன் ஒருவனிடம் காரின் படம் வரையும்படி கூறினால், அவன் இன்றும் பெரும்பாலும் அவ்வுருவத்தையே வரைவான். ஆனால், சிறுவனின் தாளில் வாழும் அந்த வண்டி உலகத்தின் பல வீதிகளிலிருந்து மெல்ல மெல்ல மறைந்து வருகின்றது.

அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது கிரொஸ்ஓவர் என்னும் புதிய இனம். பார்வைக்கு ஜீப்பைப் போல் உயர்ந்து நிற்கும். ஓட்டத்தில் காரைப் போல் மென்மையாகச் செல்லும். இந்த மாறுதல் ஏன் உண்டாயிற்று? இதனால் நன்மை பெற்றோர் யார்? இதற்குரிய விலையைக் கொடுப்போர் யார்? கார் வாங்க எண்ணும் குடும்பத்தினரும், உலக நடப்பை அறிய விரும்பும் மாணவரும் சிந்திக்க வேண்டிய இவ்வினாக்களை நாம் இங்கே சிறிது ஆராய்வோம்.

பல்லக்கின் பெயர்

செடான் என்ற சொல் காருக்கு முற்பட்டது. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், ஒருவரை உள்ளே அமர்த்தி இருவர் சுமந்து சென்ற மூடிய நாற்காலியை அச்சொல் குறித்தது. நம்மவர் மொழியிற் கூறின், அஃது ஒரு சிறு பல்லக்கு. பல்லக்கின் பெயரைப் பெற்ற கார், 20ஆம் நூற்றாண்டில் நடுத்தரக் குடும்பத்தின் மதிப்புக்கு அடையாளமாக விளங்கிற்று.

கார் நாகரிகத்தின் தாயகமான அமெரிக்க ஐக்கிய நாடுகளை எடுத்துக்கொள்வோம். அங்கே 1975ஆம் ஆண்டிலே தயாரான கார்களிலும் சிறு லொறிகளிலும் நூற்றுக்கு 80 அளவில் செடானும் அதன் உறவாகிய ஸ்டேசன் வாகனுமே இருந்தன. 2021ஆம் ஆண்டளவில் அப்பங்கு ஏறத்தாழ நாலில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது. 2002 முதல் 2016 வரை ஆண்டுதோறும் அந்நாட்டில் மிகுதியாக விற்பனையான கார் டொயோட்டா கம்பனியின் கெம்ரி என்னும் செடான். 2017இல் அதே கம்பனியின் ராவ்-4 என்னும் கிரொஸ்ஓவர் விற்பனையிற் கெம்ரியை முந்தியது. அண்ணனைத் தம்பி வென்ற கதை இது.

அடுத்த ஆண்டு வந்த செய்தி இன்னும் பெரிது. 1908இல் மொடல் டீ காரை வெளியிட்டுச் சாதாரண மக்களையும் காரில் ஏற்றிய போர்ட் கம்பனி, வட அமெரிக்காவில் மஸ்டாங் முதலிய ஓரிரண்டைத் தவிர மற்றைக் கார்களின் விற்பனையைப் படிப்படியாகக் கைவிடப்போவதாக 2018 ஏப்ரலில் அறிவித்தது. 1992 முதல் 1996 வரை அமெரிக்கக் கார் விற்பனையில் முதலிடம் வகித்த அதன் டோரஸ் கார் 2019 மார்ச்சில் முடிவுக்கு வந்தது. 1964ஆம் ஆண்டு மாதிரியாக அறிமுகமான செவ்ரொலே மலிபு என்னும் பெயரும் 2024 நவம்பருடன் உற்பத்திச் சாலையை விட்டு நீங்கியது.

சட்டத்தில் இருந்த கதவு

இம்மாறுதல் மக்களின் சுவையினால் மட்டும் விளைந்ததன்று. இதன் வேர் ஒரு சட்டத்தில் உள்ளது. 1973இல் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை விதித்தபோது அமெரிக்கா பெற்றோலின்றித் தத்தளித்தது. அதன் விளைவாக 1975இல் ஒரு சட்டம் பிறந்தது. ஒவ்வொரு கம்பனியும் விற்கும் கார்கள் 1985ஆம் ஆண்டளவிற் சராசரியாக ஒரு கலன் பெற்றோலுக்கு 27.5 மைல் ஓட வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. சிறு லொறிகளுக்கோ இதனிலும் தாழ்ந்த அளவே வகுக்கப்பட்டது. கமக்காரனும் கைத்தொழிலாளியும் பயன்படுத்தும் லொறிக்குச் சலுகை காட்டியது நியாயமே.

ஆனால், சட்டம் திறந்துவைத்த கதவு வழியே வேறு பலரும் நுழைந்தனர். லொறி என்ற இனத்துள் அடங்குமாறு குடும்ப வண்டியை அமைத்துவிட்டால் கடுமையான விதிக்குத் தப்பலாம் அன்றோ? கிரைஸ்லர் கம்பனி 1983இல் வெளியிட்ட சிறிய வான் குடும்பங்களைக் கவர்ந்தது. சட்டத்தின் கண்ணில் அது லொறி. 1990இல் வந்த போர்ட் எக்ஸ்புளோரர், லொறியின் இரும்புச் சட்டகத்தின் மேல் அமைந்தது. பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் தாய்மார் தம்மை அறியாமலே லொறிச் சாரதிகளாயினர்.

பிற்காலத்தில் விதிகள் திருத்தப்பட்டன. 2011ஆம் ஆண்டு மாதிரிகள் முதல், இரு சில்லுகளை மட்டும் இயந்திரம் இயக்கும் சிறிய எஸ்.யூ.வி. வண்டிகள் பல கார் இனத்தில் வைத்து எண்ணப்பட்டன. நான்கு சில்லுகளையும் இயக்கும் வண்டிகளோ அதன் பின்னரும் லொறி இனத்திலேயே இருந்தன. 2025இல் இவ்விதிகளை மீறும் கம்பனிகளுக்குரிய தண்டப்பணமே பூச்சியமாக்கப்பட்டது. கதவு இருந்த இடத்தில் இப்போது சுவரும் இல்லை.

யப்பானியரின் கலப்பு

லொறிச் சட்டகத்தின் மேல் அமைந்த வண்டிகளுக்குக் குறைகள் பல. அவை கனத்தவை, பெற்றோலை மிகுதியாகக் குடிப்பவை, குண்டும் குழியுமான வீதியில் உடலைக் குலுக்குபவை. லொறியில் இரும்புச் சட்டகம் வேறு, அதன் மேல் தூக்கி வைக்கும் உடல் வேறு. காரிலோ உடலே சட்டகமாகவும் அமைந்து பாரத்தைத் தாங்குகின்றது. ஆகவே கார் இலேசாகவும் மென்மையாகவும் செல்கின்றது. காரின் அமைப்பையே வைத்துக்கொண்டு உருவத்தை மட்டும் உயர்த்தினால் என்ன?

அமெரிக்கக் கம்பனியொன்று 1979இலேயே ஈகிள் என்னும் வண்டியில் இவ்வழியில் முயன்றதுண்டு. ஆயினும், இக்கலப்பை உலகம் முழுவதும் பரப்பியவர் யப்பானியரே. டொயோட்டா 1994இல் ராவ்-4 வண்டியை வெளியிட்டது. ஹொண்டா 1995இல் தன் சிவிக் காரின் அடித்தளத்தைக் கொண்டு சி.ஆர்.-வி. வண்டியை அமைத்தது. 1997இல் கெம்ரியின் அடித்தளத்தின் மேல் டொயோட்டா ஹரியர் எழுந்தது. மறு ஆண்டு லெக்சஸ் என்னும் செல்வர் முத்திரையுடன் அது அமெரிக்காவுக்குச் சென்றது. ஐரோப்பாவில் நிசான் கம்பனி, நன்றாக விலைபோகாத தன் அல்மேரா காருக்குப் பதிலாக, இங்கிலாந்தின் சண்டர்லாந்து நகரிற் செய்த கஷ்காய் வண்டியை 2007இல் விற்பனைக்குக் கொண்டுவந்து பெருவெற்றி கண்டது.

கம்பனிகளுக்கு இதில் இருந்த இலாபம் வெளிப்படை. அடித்தளம் ஒன்று, இயந்திரம் ஒன்று. உருவத்தை உயர்த்தியதும் விலையும் உயர்ந்தது. இலாபம் மிகுந்த பண்டத்திற்கே விளம்பரமும் மிகும். மலையுச்சியிலும் ஆற்றங்கரையிலும் வண்டி நிற்கும் படங்களை மக்கள் கண்டனர்; வாங்கிய பின் அவ்வண்டிகளிற் பெரும்பாலானவை சென்ற இடம் சந்தையும் பள்ளிக்கூடமுமே.

முழங்காலின் முறையீடு

எனினும், வாங்குவோரை விளம்பரத்திற்கு மயங்கிய பேதையர் என்று இகழ்வது நேர்மையாகாது. அவர்கள் கூறும் காரணங்கள் உண்மையானவை. செடானில் ஏறுவோர் உடலை வளைத்துத் தாழ்ந்து அமர வேண்டும். இறங்குவோர் முழங்காலை ஊன்றி எழ வேண்டும். பெரிய ஜீப்பிலோ படி ஏறுவது போல் ஏற வேண்டும். கிரொஸ்ஓவரின் ஆசனம் ஏறத்தாழ நம் இடுப்பின் உயரத்தில் உள்ளது. நாற்காலியில் அமர்வது போல் அமர்ந்துவிடலாம். மூட்டு வலியால் வருந்தும் பாட்டிக்கும், குழந்தையைக் குனிந்து ஆசனத்திற் கட்டும் தாய்க்கும் இது பேருதவி. பின் கதவை மேலே தூக்கினால் அரிசி மூட்டையும் குழந்தை வண்டியும் ஒருங்கே அடங்கும். மழை வெள்ளத்திலும் பழுதான வீதியிலும் அடிப்பாகம் தட்டுவது குறைவு. எரிபொருட் செலவில் இருந்த வேற்றுமையும், மின்னோட்டியைத் துணைக்கொண்ட ஹைபிரிட் இயந்திரங்கள் வந்த பின் சுருங்கிவிட்டது.

ஆதலால், தனித்தனியே நோக்கினால் ஒவ்வொரு குடும்பமும் அறிவுடனேயே தெரிவு செய்தது. ஒவ்வொருவரும் அறிவுடன் செய்த தெரிவுகள் ஒன்று சேர்ந்தபோது விளைந்தது என்ன என்பதே நம் கவனத்திற்குரியது.

உயரத்தின் விலை

பன்னாட்டு எரிசக்தி முகவரகத்தின் கணக்கின்படி, 2023இல் உலகில் விற்பனையான கார்களில் நூற்றுக்கு 48 கிரொஸ்ஓவர் உள்ளிட்ட எஸ்.யூ.வி. இனத்தவை. நடுத்தர அளவான கார் ஒன்றைவிட அவை 200 முதல் 300 கிலோகிராம் வரை கூடிய நிறையுடையவை. நிறை கூடினால் இரும்பும் எரிபொருளும் கூடும், புகையும் கூடும். மின்சாரத்தால் ஓடுபவற்றுக்கும் பெரிய மின்கலம் வேண்டும்.

இதனினும் பாரதூரமானது உயிரிழப்பு. வண்டியின் உள்ளே இருப்போருக்கு இன்றைய கிரொஸ்ஓவர் பாதுகாப்பானதே. முன்னைய எஸ்.யூ.வி. வண்டிகள் கவிழ்ந்து பலர் மாண்டதுண்டு. சறுக்கலைத் தானாகவே தடுக்கும் மின்னணுக் கருவி 2012ஆம் ஆண்டு மாதிரிகள் முதல் அமெரிக்காவிற் கட்டாயமாக்கப்பட்டதனால் அவ்வச்சம் பெரிதும் தணிந்தது. வெளியே நடந்து செல்வோரின் நிலைதான் வேறு. அந்நாட்டு வீதிகளில் 2010இல் 4,300 பேரளவிற் பாதசாரிகள் மாண்டனர். 2022இல் அத்தொகை 7,500ஐத் தாண்டியது. வேகம், இருள், கைத்தொலைபேசியால் மயங்கிய கவனம் ஆகியனவும் இதற்குக் காரணங்களாகலாம். ஆயினும், வண்டியின் உருவத்துக்கும் இதிற் பங்குண்டு. நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான அமெரிக்கக் காப்புறுதி நிறுவனம் 2023இல் வெளியிட்ட ஆய்வு, முன்மூடி 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டிகள் பாதசாரியை மோதினால், 30 அங்குலமோ அதற்குக் குறைவோ ஆன சரிந்த முன்மூடியுடைய வண்டிகளைவிட, மரணம் நேரும் வாய்ப்பு நூற்றுக்கு 45 அளவில் அதிகம் என்று காட்டியது. சிறிய கிரொஸ்ஓவர்கள் பல அவ்வளவு உயர்ந்தவை அல்ல எனினும், உயரம் ஏற ஆபத்தும் ஏறும் என்ற உண்மை தெளிவு.

காரணம் எளிது. தாழ்ந்த கார் மனிதனின் காலை மோதும். அவன் முன்மூடியின் மேல் உருண்டு விழுவான். உயர்ந்த வண்டி நெஞ்சையும் வயிற்றையும் மோதும். பிள்ளையாயின் தலையையே மோதும். அதுமட்டுமன்றி, உயர்ந்த முன்மூடியின் கீழ் நிற்கும் குழந்தை சாரதியின் கண்ணிற் படுவதும் அரிது.

அச்சம் அச்சத்தைப் பெருக்குகின்றது. முன்னே செல்லும் உயர்ந்த வண்டி செடானில் இருப்பவனின் பார்வையை மறைக்கின்றது. மோதினால் தன் கதியென்ன என்று அவன் அஞ்சுகின்றான். அடுத்த முறை அவனும் உயர்ந்ததையே வாங்குகின்றான். அமெரிக்கப் பொருளியலறிஞர் மிஷேல் வைட் 2004இல் வெளியிட்ட ஆய்வொன்றில் இதனை நாடுகளின் ஆயுதப் போட்டிக்கு ஒப்பிட்டார். அக்காலத்துப் பெரிய வண்டிகளில் இருந்தோர் தப்பிக்கொண்ட ஒவ்வோர் உயிர்க்கொல்லி விபத்துக்கும் ஈடாக, மற்றையோருக்கு நான்குக்கு மேற்பட்ட அத்தகைய விபத்துகள் நேர்ந்தன என்பது அவர் கண்ட முடிவு. ஒருவன் பெற்ற பாதுகாப்பின் விலையை வேறொருவன் கொடுத்தான்.

பரிஸ் நகரத்தார் இதனை எண்ணிப் பார்த்தனர். 2024 பெப்ரவரியில் நடந்த வாக்கெடுப்பிற் கலந்துகொண்டோரில் நூற்றுக்கு 54 பேருக்கு மேல், வெளியூர்களிலிருந்து வரும் கனத்த வண்டிகளின் தரிப்புக் கட்டணத்தை மும்மடங்காக்க இசைந்தனர். நகரின் நடுப்பகுதியில் மணிக்கு 18 யூரோ என்பது அக்கட்டணம். வாக்களிக்க வந்தோர் தொகை மிகச் சிறிதாயினும், வீதி எல்லாருக்கும் உரியது என்ற கொள்கை ஒரு பெருநகரில் விதியாயிற்று.

நம் வீதியில்

இலங்கையிலும் இம்மாறுதலை நாம் காண்கின்றோம். யாழ்ப்பாணத்து வீதிகளிற் பல்லாண்டுகள் ஓடிய ஒஸ்டின் ஏ-40, மொறிஸ் மைனர் கார்களை அறியாதார் யார்? அவற்றின் பின் வந்த யப்பானியச் செடான்களும் போக, இன்று ஹொண்டா வெசல், டொயோட்டா ரைஸ் போன்ற சிறிய கிரொஸ்ஓவர்களே பலரின் கனவாகிவிட்டன. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் தொடங்கியபோது, பல குடும்பங்கள் எந்த வண்டியை வாங்குவது என்ற ஆலோசனையில் இறங்கின.

நம் வீதிகள் அமெரிக்க வீதிகள் அல்ல. பல இடங்களில் நடைபாதையே இல்லை. வெள்ளைச் சீருடையணிந்த மாணவர் வீதியோரமாக நடந்து செல்கின்றனர். முதியோர் சைக்கிளில் செல்கின்றனர். முச்சக்கர வண்டியும் மோட்டார் சைக்கிளும் இடைவெளி கண்ட இடமெல்லாம் நுழைகின்றன. இத்தகைய வீதியில் வண்டியின் உயரம் அதன் சொந்தக்காரருக்கு மட்டும் உரிய விடயமன்று.

செடான் முற்றாக மறைந்துவிடவில்லை. கெம்ரியும் சிவிக்கும் இன்னும் விற்பனையாகின்றன. தாத்தாவும் பாட்டியும் உள்ள வீட்டிற்கு உயர்ந்த ஆசனம் தேவையாயின் அதனை வாங்குவதிற் குற்றமில்லை. ஆனால், தேவைக்கு மேற்பட்ட உயரத்தையும் கனத்தையும் பெருமைக்காக வாங்குமுன் சிறிது நிதானித்தல் நன்று. ஏறி அமர நமக்கு வசதியாக இருக்கின்றதா என்று பார்ப்பது போலவே, சாரதி ஆசனத்தில் அமர்ந்து, முன்மூடிக்கு அப்பால் ஒரு சிறு பிள்ளையை நிறுத்திப் பார்ப்போம். அப்பிள்ளை நம் கண்ணுக்குத் தெரிகின்றதா என்று அறிந்த பின்னர் விலை பேசலாம்.