வாடகை வருமானம் கணவர் கணக்கிலா, மனைவி கணக்கிலா?

கணவன் மனைவி இருவர் பெயரிலும் வீடு. வாடகை வருவது கணவரின் வங்கிக் கணக்குக்கு. வரி ரிட்டர்னில் அதை யார் காட்டுவது? 'பணம் யாருக்கு வருகிறதோ அவர்தான்' என்றே பலரும் நினைக்கிறார்கள். அது தவறு. வாடகைக்கு வரி கட்ட வேண்டியவர் வீட்டின் உரிமையாளர். பணம் எந்தக் கணக்கில் விழுந்தாலும் சரி.

இந்தியாவில் தம்பதியர் சேர்ந்து ஒரே ரிட்டர்ன் தாக்கல் செய்ய வழியில்லை. அவரவர் பங்கை அவரவர் ரிட்டர்னில் காட்ட வேண்டும். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 26ஆவது பிரிவு இதைத்தான் சொன்னது. 2026 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் இதே விதிதான். கிரயப் பத்திரத்தில் பங்கு எழுதியிருந்தால் அந்தக் கணக்கு. எழுதாவிட்டால் வீடு வாங்க யார் எவ்வளவு போட்டார் என்று பார்ப்பார்கள்.

மாத வாடகை 25,000 என்றால் ஆண்டுக்கு 3,00,000. அந்த ஆண்டில் நீங்கள் கட்டிய சொத்து வரி 10,000 போக 2,90,000. சரிபாதிப் பங்கு என்றால் ஆளுக்கு 1,45,000. அதில் 30 சதவீதம், அதாவது 43,500, பில் எதுவும் கேட்காமலே கழிந்துவிடும். மீதி 1,01,500. வெள்ளையடித்தது, மோட்டார் பழுது பார்த்தது எல்லாம் அந்த 30 சதவீதத்துக்குள் அடக்கம். தனியாகக் கேட்க முடியாது. வீட்டுக்கடன் இருந்தால் அவரவர் பங்கு வட்டியையும் கழிக்கலாம். ஆனால் பத்திரத்திலும் கடனிலும் பெயர் இருப்பவருக்கே அந்தச் சலுகை.

படிவத்தில் வாடகையையும் சொத்து வரியையும் முழுத் தொகையாக எழுதி, பங்கு சதவீதத்தையும் துணைவரின் பான் எண்ணையும் கொடுத்தால் உங்கள் பங்கை அதுவே கணக்கிடும். வட்டியை மட்டும் உங்கள் பங்களவு எழுதுங்கள்.

சிக்கல் வருவது, பணம் முழுவதையும் கணவர் போட்டு, சம்பாதிக்காத மனைவியின் பெயரையும் பத்திரத்தில் சேர்த்திருக்கும்போதுதான். நம் வீடுகளில் இது சாதாரணம். பெயர் சேர்ப்பது நல்ல காரியம், அவசியமும்கூட. வீட்டில் அவருக்குள்ள உரிமை அது. ஆனால் அவர் பங்குக்கான வாடகையையும் கணவரின் வருமானத்தோடு சேர்த்தே வரி போடுவார்கள். வரியைக் குறைக்க வாடகை முழுவதையும் மனைவி பெயரில் காட்டுவது செல்லாது. அவரே பணம் போட்டிருந்தால் கதை வேறு. பிறந்த வீட்டில் போட்ட நகையை விற்ற தொகை, அப்பா கொடுத்த பணம், வேலை பார்த்த காலத்துச் சேமிப்பு எல்லாம் அவருடைய சொந்தப் பணம்தான். அதற்குச் சான்று வேண்டும்: நகைக்கடை ரசீது, வங்கி வழியே போன காசோலை. தன் பங்குக்கான பணத்தை மனைவி தன் கணக்கிலிருந்தே நேராக விற்பவருக்குச் செலுத்துவது நல்லது. கணவர் கணக்குக்கு மாற்றி அங்கிருந்து கொடுத்தால், பிறகு பிரித்துக் காட்டுவது பெரும்பாடு.

மாத வாடகை 50,000 ரூபாய்க்கு மேல் போனால் குடியிருப்பவர் 2 சதவீதம் டிடிஎஸ் பிடிக்க வேண்டும். ஒப்பந்தம் போடும்போதே இருவரின் பான் எண்ணையும் பங்கையும் அவரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பிடித்த வரி முழுவதும் ஒருவர் பெயரிலேயே ஏறிவிடும்.