வேனுக்குள் ஏ.சி. போட்டுத் தூங்கலாமா? உவரிக்கு வண்டியில் வருகிறவர்கள் கவனத்துக்கு!

"அண்ணாச்சி, ஒரு பிளக் கிடைக்குமா? வண்டியில ஏ.சி. போடணும்."

உவரியில் வீடோ கடையோ வைத்திருக்கும் உங்களிடம் இப்படி ஒருவர் வந்து கேட்டால், உடனே தலையாட்டி விடாதீர்கள். வயரின் மறுமுனையில் இருப்பது உயிர்!

வைகாசி விசாகத்துக்கு சுயம்புலிங்க சுவாமி கோவிலில் கடல் மண் சுமக்கும் நேர்ச்சைக்கு வருகிறார்கள். செவ்வாய்க்கிழமை தோறும் அந்தோணியார் கோவிலுக்கு வருகிறார்கள். அறை கிடைக்காவிட்டால் வேனே வீடு. கோடையில் தகரக் கூரைக்குள் படுத்தவர்களுக்குத்தான் அந்த வெக்கை தெரியும்.

சாதாரண டூரிஸ்ட் வேனில் உள்ள ஏ.சி. என்ஜின் ஓடினால்தான் ஓடும். அதற்குப் பிளக் உதவாது. சினிமாக்காரர்களின் கேரவன் போல படுக்கை வைத்த வண்டி என்றால் கதை வேறு. அதில் வீட்டு ஏ.சி. மாதிரி தனியாக ஒன்று இருக்கும். 230 வோல்ட் வேண்டும். ஒன்று, வீட்டுப் பிளக், இல்லை, ஜெனரேட்டர்.

சின்ன பிளக் கருகும்

1 டன் ஏ.சி. ஓடும்போது இழுப்பது சுமார் 5 ஆம்பியர். 1½ டன் என்றால் 7, 8. "அப்படியானால் 6 ஆம்பியர் சின்ன பிளக்கிலேயே ஒரு டன் ஓடுமே" என்று கணக்குப் போட்டால் போச்சு! சாதாரண கம்ப்ரசர் கிளம்பும் அந்த ஒரு நொடியில் நாலைந்து மடங்கு இழுக்கும். 16 ஆம்பியர் பெரிய பிளக்தான் சரி. இன்வெர்ட்டர் ஏ.சி. மெதுவாகக் கிளம்பும், அதில் இந்தத் தொல்லை குறைவு.

அடுத்தது வயர். பந்தலுக்கு லைட் போடும் மெல்லிய வயரை இழுத்து விடுகிறார்கள். 1 சதுர மில்லிமீட்டர் வயரில் 30 மீட்டர் தூரம் இழுத்தால், ஒன்றரை டன் ஏ.சி. கிளம்பும்போது 30 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். கம்ப்ரசர் முனகும், சூடாகும். 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் என்றால் இந்த இழப்பு பாதிக்கும் கீழே. மிச்ச வயரைச் சுருட்டியபடி விடவும் கூடாது. சுருளுக்குள் சூடு ஏறி, மேலுறை உருகிவிடும்.

(கூப்பிடு தூரம் இல்லாவிட்டாலும், கூடங்குளம் பக்கம்தான். தலா 1000 மெகாவாட்டில் 2 உலைகள் அங்கே ஓடுகின்றன. ஆனால் உங்கள் வண்டிக்கு வரும் கரண்ட், கடைசியில் அந்த 30 மீட்டர் வயரை நம்பித்தான்!)

மூன்றாவது பின் எங்கே?

வண்டி நிற்பது ரப்பர் டயரில். உள்ளே எங்காவது கரண்ட் கசிந்தால் தரைக்குப் போக வழி இல்லை. பாடி முழுவதும் கரண்ட் நிற்கும். கடலில் குளித்துவிட்டு, ஈரக் காலோடு மணலில் நின்று கதவைத் தொடுகிறவர் கதி என்ன? அவர் உடம்புதான் எர்த்!

அதனால் மூன்று பின் பிளக், ஒழுங்கான எர்த், 30 மில்லி ஆம்பியரில் ட்ரிப் ஆகும் ஆர்.சி.சி.பி. மூன்றும் வேண்டும். 'டெஸ்ட்' பட்டனை அழுத்தி, விழுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உப்புக் காற்றில் பிளக்கின் பித்தளையில் பச்சைக் களிம்பு பிடிக்கும். களிம்பு பிடித்த இடம் சூடாகும்.

வடகராவில் 2 பேர் பலி

ஜெனரேட்டர் என்றால் 1 டன் ஏ.சி.க்கு 3 கே.வி.ஏ. இருந்தால் நிம்மதி. ஆனால் ஆபத்து கரண்டில் இல்லை, புகையில்!

கேரள மாநிலம் வடகராவில் 2024 டிசம்பர் 23-ந்தேதி, சாலையோரம் நின்ற கேரவனுக்குள் 2 பேர் பிணமாகக் கிடந்தார்கள். ஜெனரேட்டரை ஓட்டி ஏ.சி. போட்டிருந்தார்கள். கோழிக்கோடு தேசிய தொழில்நுட்பக் கழக நிபுணர்கள் சோதித்தபோது, தரையில் இருந்த ஓட்டை வழியாக ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு உள்ளே ஏறியது தெரிந்தது.

இந்த வாயுவுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. தலை வலிக்கும், கண் சொருகும். தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாது.

ஜெனரேட்டரை வண்டியிலிருந்து 20 அடிக்கு அப்பால், புகைக்குழாய் வெளிப்பக்கம் பார்க்க வையுங்கள். உவரியில் இன்னொரு சங்கதி உண்டு. சாயங்காலம் கடலிலிருந்து கரைக்கு அடிக்கிற காற்று, நள்ளிரவுக்கு மேல் கரையிலிருந்து கடலுக்குத் திரும்புவது உண்டு. கடலுக்குப் போகிற மீனவர்களைக் கேட்டால் சொல்வார்கள். படுக்கும்போது புகை அந்தப் பக்கம் போகிறதே என்று நம்பிக் கண்ணயர்ந்தால், விடியற்காலம் அதே புகை ஜன்னலுக்கு வரும்! எல்லாரும் தூங்கப் போகும்போது ஜெனரேட்டரை அணைத்துவிடுவதே வழி.

பிளக் கொடுக்கும் வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை. சொந்தக்காரர் வண்டிக்கு ஒரு ராத்திரி கொடுப்பது வேறு. வீட்டு இணைப்பிலிருந்து காசு வாங்கிக்கொண்டு திருவிழா முழுக்க வண்டிகளுக்குக் கரண்ட் விட்டால், 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டம் 126-வது பிரிவுப்படி இரு மடங்கு கட்டணம் போடுவார்கள்.